ஐந்து ஸ்டார் முருகேசன்

போன மாதம் என்னை நடுவராக்கிவிட்டார்கள்.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. 'வெற்றிகரமான ஸ்டார்ட்அப் தொடங்குவது எப்படி?' என்று ஒருநாள் கருத்தரங்கு. தொழிலில் ஜெயித்தவர்களும் நிபுணர்களும் வந்து பேசுவார்கள். பிற்பகலில் மாணவர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் போட்டி. என்னை அழைத்தது குத்துவிளக்கு ஏற்ற. ஏற்றிவிட்டு, சால்வையை வாங்கிக்கொண்டு, சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவதாகத்தான் திட்டம். ஆனால் சேலத்திலிருந்து வரவேண்டிய நடுவர் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். கல்லூரி முதல்வர் மேடையை ஒரு சுற்றுப் பார்த்தார். சும்மா இருந்தது நான்தான்.

"மேடம், நீங்க வாராவாரம் எழுதறவங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

வாராவாரம் எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று இந்த மாவட்டத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. நானாக அதைக் கலைத்ததில்லை. தொழில் அனுபவம் என்று பார்த்தால்... கல்யாணமான புதிதில் வடாம் போட்டு விற்றேன். மழை வந்தது. அவ்வளவுதான்.

மேடையில் இரண்டு நிபுணர்கள். ஒருவர் பெங்களூர்க்காரர். புதுக் கம்பெனிகளில் முதலீடு செய்பவர், வெள்ளை ஷூ போட்டிருந்தார். இன்னொருவர் கோயமுத்தூர்க்காரர். ரெடிமேட் சப்பாத்திக் கம்பெனி ஆரம்பித்து, வளர்த்து, விற்றவர்.

பெங்களூர்க்காரர் நன்றாகவே பேசினார். "எதையும் அளந்து பாருங்க. உங்க அபிப்பிராயம் முக்கியமில்ல, டேட்டா என்ன சொல்லுதுங்கறதுதான் முக்கியம்" என்றார். அப்புறம், "தைரியமா ஃபெயில் ஆகுங்க. சீக்கிரமா ஃபெயில் ஆகுங்க" என்றார்.

பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"ஃபெயில் ஆனா தை மாசம் கல்யாணம் பண்ணி வெச்சுருவாங்க சார். அதுக்கு என்ன பண்ணணும்?"

அரங்கம் சிரித்தது. பெங்களூர்க்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அவர் கொண்டுவந்த ஸ்லைடுகளில் தை மாசத்துக்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

கோயமுத்தூர்க்காரர் சுருக்கமாக முடித்துக்கொண்டார். "சொந்தக்காரங்களை மட்டும் கம்பெனிக்குள்ள விட்டுறாதீங்க. இதான் என்ற அனுபவம்" என்றார். ஒரு பையன் கேட்டான்: "சார், நல்லா ஓடின கம்பெனியை ஏன் வித்தீங்க?" அவர் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "மச்சான் இருந்தானுங்க" என்றார்.

பிற்பகல் போட்டி. முதலில் வந்தவன் தக்காளி விலையை முன்கூட்டியே சொல்லும் ஆப் செய்திருந்தான். நாளைக்கு என்ன விலை என்று கேட்டதற்கு, சர்வர் வேலை செய்யவில்லை என்றான். அடுத்த இரண்டு பேர் ஒரே ஐடியாவோடு வந்து, மேடையிலேயே ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். அதற்கடுத்து வந்தவள்தான் காலையில் தை மாசம் கேட்ட பெண்.

பெயர் ரஞ்சிதா. ஒகேனக்கல்லை ஒட்டிய ஊட்டமலையைச் சேர்ந்தவள். அப்பா ஆற்றில் பரிசல் ஓட்டுகிறவர். இவள் அதே கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து முடித்தவள். ஆப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்றதும் நிபுணர்கள் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"முன்னாடி முறை வெச்சு ஓட்டுவாங்க சார். வரிசையில யாரு பரிசல் முன்னாடி நிக்குதோ அதுலதான் ஏறணும். நல்லா ஓட்டுறவரு, சுமாரா ஓட்டுறவரு, எல்லாருக்கும் ஒண்ணுதான். இப்ப பயணிங்களே ஆப்புல பாத்து, புடிச்சவங்களை எடுத்துக்கறாங்க. எறங்கினதும் ஸ்டார் போடுவாங்க. காசு எப்பவும் போல கையிலதான்."

திரையில் ஒரு படம் வந்தது. கம்பிகளாக நிற்கும் படம். அதில் ஒரு கம்பி மட்டும் மேலே முட்டிக்கொண்டு நின்றது.

"இது யாரு?"

"முருகேசன் சார். அஞ்சு ஸ்டார். பாடிக்கிட்டே ஓட்டுவாரு. நடு ஆத்துல பரிசலைச் சுத்திக் காட்டுவாரு. எல்லாரும் அவரைத்தான் கேக்கறாங்க."

பெங்களூர்க்காரர் எழுந்து திரைக்கு அருகில் போனார். "ஒரே ஆளா? ஒரே நாள்ல இவ்வளவு ட்ரிப்பா?"

"ஆமா சார்."

"சாப்பிடறாரா?"

"தெரியல சார்."

"இவரை மாதிரி ஒருத்தர் கெடைக்க என் கம்பெனிகள் தவம் கெடக்குது!" என்று எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். ஒரு மனுஷன் ஒரே நாளில் இத்தனை தடவை ஆற்றைச் சுற்றி வர முடியுமா என்று எனக்கு லேசாக இடித்தது. எனக்குக் கணக்கு வராது என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன்.

"சரி, கடைசி இடத்துல இருக்கறது யாரு?"

"மாதையன் சார். ரெண்டு ஸ்டாருக்கும் கீழ." அடுத்த ஸ்லைடில் பயணிகள் எழுதிய புகார்கள் இருந்தன. சிரிக்கவில்லை. பாடவில்லை. ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. செல்ஃபி எடுக்க எழுந்ததற்குத் திட்டினார்.

"இப்படி ஒருத்தரை இன்னும் ஏன் வெச்சுருக்கீங்க?"

ரஞ்சிதா கொஞ்சம் தயங்கினாள்.

"எங்கப்பா சார்."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. கோயமுத்தூர்க்காரர் என்னிடம் குனிந்து, "நான் காலையிலயே சொன்னனுங்களே" என்றார்.

பெங்களூர்க்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அவர் உண்மையாகவே அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். "ரஞ்சிதா, கஷ்டமான முடிவை எடுக்கறவங்கதான் ஃபவுண்டர். கடைசியில இருக்கறவங்களை ஆப்புலேர்ந்து எடுத்துடுங்க. அப்பாவுலேர்ந்து ஆரம்பிங்க. மிச்சப் பேரை முருகேசன் மாதிரி தயார் பண்ணுங்க. சரின்னா பெங்களூர்ல எங்க ஆபீஸ்ல இடம், முதலீடு, எல்லாம் நான் பாத்துக்கறேன். நாளைக்கு நானே ஒகேனக்கல் வர்றேன். அந்த முருகேசனை நேர்ல பாக்கணும்."

வெளியூர் நிபுணர்கள் தர்மபுரிக்கு வந்தால் மறுநாள் ஒகேனக்கல் போவார்கள், மீன் சாப்பிடுவார்கள். இவர் ஒரு காரணத்தோடு போகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

வராந்தாவில் ரஞ்சிதா என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் வாங்க மேடம். பயமா இருக்குது."

"தை மாசம் நெஜமாத்தான் சொன்னியா?"

"ஆமா மேடம். அம்மா அதுவரைக்கும்தான் டைம் குடுத்துருக்காங்க. மொரப்பூர்ல மாப்பிள்ளை பாத்து வெச்சுருக்காங்க. ரயில்வேல வேலை."

"பையன் எப்படி?"

"நல்ல பையன்தான் மேடம். அதான் பயமே. வேணாம்னு சொல்லக் காரணமே கெடைக்கல."

"அப்பாவை ஆப்புலேர்ந்து எடுத்துருவியா?"

துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "அவரு பேருக்கு ட்ரிப்பே வர்றதில்ல மேடம். ஆடியிலேர்ந்து சைபர். எடுத்தாலும் ஒண்ணுதான், வெச்சாலும் ஒண்ணுதான்."  பெற்ற அப்பாவைப் பற்றி இப்படிப் பேச வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை நான், இரண்டு நிபுணர்கள், ரஞ்சிதா — நான்கு பேரும் பரிசல் துறையில் நின்றோம். எண்ணெய் வாசனை, மீன் வாசனை, காவிரியின் இரைச்சல். ரஞ்சிதா எங்கள் எதிரிலேயே ஆப்பைத் திறந்து 'முருகேசன்' என்ற பெயரைத் தொட்டாள். 'வந்துகொண்டிருக்கிறார்' என்று காட்டியது. போட்டோவில் ஒருவர் லைஃப் ஜாக்கெட் போட்டு, தலையில் துண்டு கட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அந்தக் கோலத்தில் துறையிலிருந்த எல்லோருமே அவர்தான்.

ஒல்லியான ஒருவர் பரிசலைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"முருகேசனா நீங்க?" என்றார் பெங்களூர்க்காரர், கையை நீட்டியபடி.

"ஆமாங்க."

ரஞ்சிதாவின் கையிலிருந்த போன் நழுவப் பார்த்தது. அவள் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். அந்த மனிதர் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "ஏறுங்க, ஏறுங்க, வெயில் ஏறிக்கிட்டுப் போவுது" என்றார். நாங்கள் மூன்று பேர் ஏறினோம். அவள் கரையிலேயே நின்றுவிட்டாள்.

பெங்களூர்க்காரர் உடனே வேலையை ஆரம்பித்தார். "முருகேசன், உங்க வெற்றிக்கு என்ன காரணம்?"

"தண்ணியப் பொறுத்துங்க."

"பாடுவீங்களாமே?"

"இன்னிக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்க."

"சுத்திக் காட்டுவீங்களாமே?"

"இன்னிக்கு இழுப்பு சாஸ்திங்க."

கோயமுத்தூர்க்காரர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். பாறைகளுக்கு நடுவே திரும்பும் இடத்தில் பெங்களூர்க்காரர் போனை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"உக்காருங்க!" ஓர் அதட்டல். "ஆத்துல நின்னுக்கினு என்ன போட்டோ? உக்காருங்கன்றேன்ல!"

பெங்களூர்க்காரர் பொத்தென்று உட்கார்ந்தார். வெள்ளை ஷூவில் தண்ணீர். அவரை யாரும் அதட்டி ரொம்ப வருஷம் ஆகியிருக்க வேண்டும். அப்புறம் முகம் மலர்ந்தார். "பாத்தீங்களா மேடம்? கஸ்டமர் கோவிச்சுக்குவாரேன்னு பயப்படல. பாதுகாப்புதான் முக்கியம்ங்கறாரு. இதுக்குப் பேர்தான் ஓனர்ஷிப்!"

அப்போது எதிரே வந்த பரிசலிலிருந்து ஒரு குரல். "மாதையா! அந்தப் பக்கம் போவாத, ஓரமா வா!"

நம் ஆள் தலையை ஆட்டிவிட்டு ஓரமாகத் திருப்பினார். நிபுணர்கள் இருவரும் ஷூவைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் காதில் விழுந்தது.

ஆக... மாதையன் திட்டினால் இரண்டு ஸ்டாருக்கும் கீழே. முருகேசன் திட்டினால் ஓனர்ஷிப். அதே வாய், அதே திட்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண்ணின் பெங்களூர் போய்விடும். ஆனால் சொல்லாமலே விட்டால் அவள் இன்று மாலை இந்த மனிதரின் பெயரை அழிக்கப்போகிறாள்.

கரைக்கு வந்தோம். பெங்களூர்க்காரர் அங்கேயே போனைத் தட்டி ஐந்து ஸ்டார் போட்டார். 'ஓனர்ஷிப்' என்று ஒரு வார்த்தையும் எழுதினார். பிறகு வீடியோ எடுக்க ஆசைப்பட்டு, இரைச்சலை மீறிக் கத்தினார்: "முருகேசன்! இந்தப் பக்கம் பாருங்க!"

துறையிலிருந்த பரிசல்காரர்கள் அத்தனை பேரும் இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

ஒருவர் "வந்துட்டங்க!" என்று துடுப்போடு கிளம்பியே விட்டார். கோயமுத்தூர்க்காரர் சிரிப்பை அடக்க ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார். பெங்களூர்க்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

ரஞ்சிதா வந்தாள். கண் சிவந்திருந்தது. கூடவே நல்ல உடம்போடு ஒருவர், மீன் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு.

"சார், இவருதான் முருகேசன். இப்ப உங்களைக் கூட்டிக்கிட்டுப் போனது எங்கப்பா. மாதையன்."

மாதையன் பரிசலைக் கரையில் இழுத்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

"இல்லீங்க சார். எம் பேரு முருகேசன். இந்தப் புள்ளைய எனக்குத் தெரியாதுங்க."

பெற்ற மகள். மூன்றடி தள்ளி நிற்கிறாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"அப்பா, காலைல நான் கட்டிக் குடுத்த சோறு அந்தப் பரிசல்லதான இருக்குது?"

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஒரு தூக்குப் போணி, மேலே துணி சுற்றி.

"யாரோ வெச்சுட்டுப் போயிட்டாங்க" என்றார் மாதையன்.

"போதும்ப்பா." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "போதும்ப்பா, விட்டுருங்க."

அப்போதுதான் அவர் அவளைப் பார்த்தார். "நீ பெங்களூரு போவணும்ல பாப்பா" என்றார் மெதுவாக.

 பெங்களூர்க்காரர் போனைக் கீழே இறக்கிவிட்டார்.

மிச்சத்தை ஒரிஜினல் முருகேசன் சொன்னார். ஆப் வந்த புதிதில் எல்லாப் பயணிகளும் அவர் பெயரையே தொட்டார்களாம். "நான் ஒருத்தன் எத்தினி நடை போவறது? தோளு கழண்டுருச்சு. மத்தவனுங்க சும்மா குந்திக்கினு இருந்தானுங்க. ஆப்பே வேணாம், தூக்கிப் போடுங்கன்னு பேச்சு வந்துச்சு. மாதையன் மவ ஆரம்பிச்சது, நின்னுடக் கூடாதுல்ல? அதான், முறை யாருக்கு வருதோ அந்த நடைக்கு அவன் முருகேசன்னு வெச்சுக்கினோம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல மாமா?" என்றாள் ரஞ்சிதா.

"நீ கேக்கவே இல்லியே கண்ணு."

உண்மைதான். ஆப் ஆரம்பிக்கும் முன் அவள் வரிசையில் நின்ற பயணிகளிடமெல்லாம் கேள்வி கேட்டு சர்வே எடுத்திருக்கிறாள். பரிசல்காரர்களிடம் மட்டும் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "எல்லாம் மாமன், சித்தப்பன் மேடம். அவங்ககிட்ட என்ன சர்வே எடுக்கறது?" என்றாள்.

நம் ஊரில் வேறு எப்படி யோசிப்பார்கள்? சொந்தக்காரருக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கலாம், அவரோடு சண்டை போடலாம், பேசாமல் இருக்கலாம். கருத்துக் கேட்க முடியுமா?

பெங்களூர்க்காரர் நாகரிகமாகவே முடித்தார். டேட்டா எல்லாமே தப்பு, இதை வைத்து முதலீடு செய்ய முடியாது, இப்போதைக்கு வேண்டாம் என்றார். அவர் நிலையில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கோயமுத்தூர்க்காரர் மட்டும் ரஞ்சிதாவிடம் போய் தன் நம்பரைக் கொடுத்தார்.

"அம்மணி, என்ற சொந்தக்காரன் கம்பெனியக் கவுத்துப் போட்டான். உங்க சொந்தக்காரங்க கவுந்துராம புடிச்சிட்டு நின்னுருக்காங்க. அந்த ஸ்டாரைத் தூக்கி எறிஞ்சுட்டு, அவங்களை உக்கார வெச்சுப் பேசுங்க. சந்தேகம்னா எனக்குப் போன் பண்ணுங்க."

திரும்பி வரும்போது, பென்னாகரத்தில் வேலை இருக்கிறது என்று ரஞ்சிதாவும் என்னோடு காரில் ஏறிக்கொண்டாள். இறங்கும் முன் தானாகச் சொன்னாள்: "ஆப்புல அப்பா சும்மா உக்காந்துருக்காரு. வூட்டுல தினம் உலை கொதிக்குது. எப்புடினு நான் ஒரு நாளும் யோசிக்கல மேடம்."

இரண்டு நிபுணர்கள் ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். நல்ல விஷயங்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஃபவுண்டர் ஒருவர் சொன்ன பாடம் என்று நான் மனசில் வைத்துக்கொண்டது காரில் அவள் சொன்ன இதை மட்டும்தான்.

நேற்று போன் செய்தாள். ஸ்டாரை எடுத்துவிட்டாள். போனிலேயே பதிவு செய்யலாம், வெயிலில் நிற்க வேண்டாம். ஆனால் யார் முறையோ அவர் பரிசல்தான் வரும். மாமன்களையும் சித்தப்பன்களையும் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் கேட்டாளாம். முதல் கோரிக்கையே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதிவு வரக் கூடாது என்பதுதான்.

"தை மாசம்?"

"அப்பா அம்மாகிட்ட சண்டை போட்டு வைகாசிக்குத் தள்ளி வெச்சுருக்காரு மேடம்."

"மொரப்பூர் பையன்?"

"ஆப்பை டவுன்லோட் பண்ணியிருக்காரு." குரலில் எரிச்சலா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"சரி, அப்பா இப்போ யாரு பேர்ல ஓட்டறாரு?"

"அவரு பேர்லயேதான். ஆனா வாய் பழகிடுச்சு மேடம். பேரு கேட்டா சில நேரம் இன்னும் முருகேசன்னே சொல்லிடறாரு."

ஒகேனக்கல் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒல்லியான ஒருவர், சிரிக்காமல், "உக்காருங்க!" என்று அதட்டினால் மறு பேச்சில்லாமல் உட்காருங்கள். பத்திரமாகக் கரை சேர்ந்ததும் பெயரைக் கேளுங்கள். முருகேசன் என்றால்... இன்னொரு தடவை கேளுங்கள்.